உலர்களத்தில் இனிக் கூப்பிடாத பெயர்

இந்த ஆண்டு பயிலரங்கைப் பொறுப்பேற்று நடத்தவிருக்கும் புதிய ஆசிரியர்களுக்கு இதை எழுதுகிறேன். சென்ற வாரம் களத்தைப் பார்க்க வந்திருந்தபோது உங்களுள் ஒருவர் கேட்டார்: "ஐயா, இதத் தொடங்கினது ஒரு அம்மான்னு சொல்றீங்க. ஆனா சுவர்ல பேர் இல்ல, அழைப்பிதழ்ல பேர் இல்ல. நீங்களும் 'அவர், அவர்'னே பேசறீங்க. ஏனுங்க அப்படி?" அந்தக் குரலில் சிறிது மனத்தாங்கல் இருந்தது. ஒரு பெண்ணின் உழைப்பை நாங்கள் மறைத்துவிட்டதாக அவர் நினைத்திருக்கலாம். அப்படி நினைப்பதற்கு இடமும் இருக்கிறது. நான் அப்போது விடை சொல்லவில்லை. அது களத்தில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய விடை இல்லை. காரணம் அறிந்த ஆசிரியர்களில் இப்போது நான் ஒருவனே எஞ்சியிருக்கிறேன். எனக்கும் மூச்சு முன்போல் இல்லை. ஆகவே எழுதிவைக்கிறேன்.

நான் தமிழாசிரியனாக இருந்தவன். ஏற்காட்டைச் சுற்றியுள்ள மலையூர்ப் பள்ளிகளிலேயே என் பணிக்காலம் முழுவதும் கழிந்தது. நாடகம் என்றால் எனக்கு மேடை, திரைச்சீலை, மனப்பாடம் செய்த உரையாடல், இறுதியில் நன்றியுரை. பயிலரங்கைத் தொடங்கிய அவர் என்னைவிட மிகவும் இளையவர். பள்ளிகளுக்கு நாடகப் பயிற்சி அளிப்பதைத் தொழிலாகக் கொண்டு சேலத்திலிருந்து காலைப் பஸ்ஸில் ஏறி வருவார். பிள்ளைகளுக்கு அவர் 'டீச்சர்'. பழைய இடங்களுக்குப் பிள்ளைகளை அழைத்துச்சென்று, அந்த இடத்தில் நடந்ததை அங்கேயே நடித்துப் பார்க்கச் செய்ய வேண்டும் என்பது அவருடைய திட்டம். தலைமையாசிரியர் என்னைத் துணைக்கு அமர்த்தினார். வரலாற்றுப் பிழை நேராமல் பார்த்துக்கொள்வது என் வேலை என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

முதல் ஆண்டு ஒரு பழைய துரை பங்களாவைத் தேர்ந்தோம். உயரமான படிகள், முகப்பில் மரத்தூண்கள், உள்ளே கணப்படுப்பு. பிள்ளைகள் அனைவரும் துரையாக வேண்டும் என்று சண்டையிட்டார்கள். தாளில் தொப்பி செய்தார்கள், குச்சியைக் கைத்தடியாக்கிக்கொண்டார்கள். துரையாக நடித்த மாணவன் படியின் மேல் நின்று, கீழே நின்ற தோழனைக் காலால் எற்றுவது போல் பாவனை செய்தான். கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். பஸ் நிறுத்தத்துக்கு நடந்து வந்தோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது. அவர், "எல்லாரும் நல்லாச் சிரிச்சாங்கல்லங்க ஐயா?" என்றார்.

"ஆமாம். நல்ல வரவேற்பு."

"கீழ நின்னு உதை வாங்கற மாதிரி நடிச்சானே, அவங்கப்பா இன்னிக்கும் எஸ்டேட் ஆளுங்க. அவரும் சிரிச்சாரு. நான் அவரத்தான் பாத்துட்டு இருந்தேன்."

அடுத்த ஆண்டு அந்தப் படியை நாங்கள் மிதிக்கவில்லை. ஓர் இடத்துக்குள் நாம் நுழைவதற்கு முன்பே அந்த இடம் வேடங்களைப் பங்கிட்டுவிடுகிறது. யார் மேலே, யார் கீழே என்பது அங்கேயுள்ள படிகளிலும் வாசல்களிலும் இருக்கிறது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதைப் பாருங்கள். அழகாக இருக்கிறதா என்று பார்ப்பது பிறகு.

அவர் தேடிப் பிடித்த இடம்தான் மாரமங்கலம் சாலைக்குக் கீழே உள்ள உலர்களம். காப்பிக் கொட்டையைக் காயவைப்பதற்காக ஒரு காலத்தில் கல் பாவிய முற்றம் அது. இப்போது அங்கே யாரும் கொட்டை காயவைப்பதில்லை. ஒரு பக்கம் நீண்ட கிடங்குச் சுவர். சுற்றிலும் மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். களத்தின் தலைமாட்டில் ஓர் உயரமான கல். நாள்தோறும் காலையில் மேஸ்திரி அந்தக் கல்லின் மேல் நின்று ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் குரல் கொடுத்துவிட்டு, கூடையோடு வரிசையில் நிற்பார். இதற்கு 'பெரட்டு' என்று பெயர். பிள்ளைகள் அதைத்தான் நடித்துப் பழகிக்கொண்டிருந்தார்கள்.

களத்தின் கதவுச் சாவி செம்மநத்தத்துச் சின்னப்பொண்ணு அம்மாளிடம் இருந்தது. சிறுமியாக இருந்த நாள்முதல் அந்தத் தோட்டத்தில் காப்பிப் பழம் பறித்தவர். பிறகு சொந்தக் காட்டில் சாமை விதைத்தவர். கதவைத் திறந்துவிட்டுப் போக மாட்டார். வெற்றிலை போட்டுக்கொண்டு எங்கள் ஒத்திகையைப் பார்த்துக் குறை சொல்வார். அன்றும் சொன்னார்.

"எல்லாஞ் சரிதான் சாமி. செத்தவங்களக் கூப்புடறத உட்டுட்டீங்களே?"

பிள்ளைகள் நின்றார்கள். அவர், "அதென்னங்க, செத்தவங்களக் கூப்புடறது?" என்று பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"கூட வேல செய்யற ஆள் ஆராச்சும் செத்துட்டா, அடுத்த பெரட்டுல அவங்க பேர மேஸ்திரி ஒருக்காக் கூப்புடுவாரு. நாங்க எல்லாஞ் சேந்து, 'வேல முடிஞ்சுதுங்க'ம்போம். அதோட சரி. அதுக்கப்பறம் அந்தப் பேர இந்தக் களத்துல ஆரும் சொல்றதில்ல."

"சொன்னா என்னங்க ஆவும்?"

"ஒண்ணும் ஆவாது. இந்தக் களத்துல பேரச் சொன்னா, வேலைக்கு வான்னுதான அர்த்தம்? செத்ததுக்கப்பறமுமாங்க ஒருத்தியக் கூப்புடறது? போதும்னு உட்டறோணும்."

அந்தக் காட்சி வேண்டும் என்று பிள்ளைகள் ஒரே குரலில் கேட்டார்கள். யார் பெயரைக் கூப்பிடுவது என்பதில் சிக்கல் வந்தது. ஒரு பெண் 'மாரியாயி' என்றாள்.

"எஞ் சின்னம்மா பேரு கண்ணு அது. கல்லாட்டம் இருக்கறாங்க" என்றார் அம்மாள்.

'பொன்னுசாமி' என்றான் ஒருவன். சாலை முக்கிலுள்ள டீக்கடைக்காரரின் பெயர் அது என்று நான்கைந்து பேர் சிரித்தார்கள்.

"அப்ப மகாலட்சுமின்னு வெச்சுக்கலாம். சாமி பேருக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

"எம் மருமவ பேரு. கூப்புடுன்னு நானே சொல்லுவேன். ஆனா இது பழம் பறிக்கற காலமாப் போச்சே, கையாளு வேணுமே!" என்றார் சின்னப்பொண்ணு அம்மாள். களமே சிரித்தது.

அம்மாளின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் எழுந்து சேலையிலிருந்த தூசியைத் தட்டினார். "எம் பேரக் கூப்புடுங்க" என்றார்.

நான் மறுத்தேன். விளையாட்டுக்கும் வேண்டாம் என்றேன். "ஐயா, நான் சேலத்துக்காரி. இந்தக் களத்துல எனக்கு ஏதுங்க வேல?" என்று சிரித்தார். சின்னப்பொண்ணு அம்மாள் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சற்று யோசித்தார். "அதுஞ் சரிதான். இங்க வேல செய்யாதவங்க பேரு ஒட்டாது. கூப்புடுங்க" என்று உத்தரவு கொடுத்தார்.

அன்றிலிருந்து ஒரு முறைமை வகுத்துக்கொண்டோம். நாடகத்தில் இறப்பவருக்கு ஊரில் உள்ள எவர் பெயரையும் வைப்பதில்லை. பயிற்றுநரின் பெயரையே வைப்பது. ஒத்திகையில் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அந்த இடத்தில் மௌனம் காத்துவிட்டு அடுத்ததற்குப் போவது. பெற்றோர் கூடியிருக்கும் நிகழ்ச்சி நாளன்று மட்டும் ஒரே ஒரு முறை கூப்பிடுவது. அந்த நேரத்தில் அவர் கிடங்குச் சுவரின் மறைவில் நிற்பார். பிள்ளைகள் 'வேல முடிஞ்சுதுங்க' என்று சொல்லி முடித்ததும், கையில் விளக்குமாற்றோடு சுவர் மூலையிலிருந்து வெளியே வருவார். "எங்கடா முடிஞ்சுது? இன்னும் களத்தக் கூட்டோணும், வாங்க!" என்பார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். எல்லாருமாகக் களத்தைக் கூட்டுவார்கள்.

அதன்பின் மற்றொன்று உண்டு. மேஸ்திரியாக நடித்த பிள்ளை மீண்டும் கல்லின் மேல் ஏறி, நடித்தவர் ஒவ்வொருவரையும் அவரவர் உண்மைப் பெயரால் கூப்பிடும். அவர்கள் 'இருக்கேன்' என்று சொல்லிவிட்டுப் பெற்றோரிடம் போவார்கள். எல்லாரும் போனபின் கல்லின் மேல் நிற்கும் பிள்ளையை அவர் கூப்பிடுவார். வேடத்தைக் களத்திலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்பார். எனக்கு அது முதலில் வீண் சடங்காகத் தோன்றியது. நேரமாகிறது, பஸ் போய்விடும் என்று முணுமுணுப்பேன். "பஸ் போனா அடுத்த பஸ்ஸுங்க ஐயா" என்பார்.

இப்படியே ஆண்டுகள் சென்றன. ஓராண்டு, சாலையிலிருந்து களத்துக்கு இறங்கும் சரிவில் அவர் நின்று நின்று வந்தார். மறு ஆண்டு ஏறி வரவே இல்லை. சேலத்தில் சிகிச்சையில் இருந்தார். பயிலரங்கை நிறுத்தலாமா என்று கைப்பேசியில் கேட்டபோது, "நீங்க இருக்கறீங்கல்லங்க" என்றார். நோயைப் பற்றிப் பேச மாட்டார். "களத்தோட கெழக்கு ஓரத்துல பாசி பிடிச்சிருக்கும், பிள்ளைங்க வழுக்கி உழுந்துருவாங்க. சுண்ணாம்பு போடச் சொல்லுங்க" என்பதே அவர் என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு.

அந்த ஆண்டு மேஸ்திரியாக நின்றவள் தர்ஷினி, கரடியூர்ப் பெண், ஒன்பதாம் வகுப்பு. மேயப்போன ஆடுகளைப் பள்ளத்தாக்குக்கு இப்பாலிருந்தே குரல் கொடுத்துத் திருப்புகிறவள். அந்தக் குரலுக்காகவே முந்தைய ஆண்டு அவர் அவளைக் கண்டு வைத்திருந்தார். "அடுத்த வருசம் கல்லு உனக்குத்தான் கண்ணு" என்று சொல்லியும் இருந்தார்.

நிகழ்ச்சி நாள் காலை. களத்துக்குள் கைப்பேசி எடுக்காது. சாலை வளைவில்தான் எடுக்கும். அங்கே நான் நின்றிருந்தபோது அவருடைய தம்பி அழைத்தார். "அக்கா விடியக்காலைல போயிட்டாங்க ஐயா" என்றார். கீழே பிள்ளைகள் கூடைகளை அடுக்கிக்கொண்டிருந்தது மரங்களின் ஊடே தெரிந்தது. பெற்றோர் நடந்து வரத் தொடங்கியிருந்தார்கள்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் கண் கலங்கினார். பிறகு, "ஐயா, நாடகம் முடியட்டும். கொஞ்ச நேரந்தான? பிள்ளைங்க இத்தன நாளா உழைச்சிருக்குதுங்க. அந்தப் பேர மட்டும் மாத்திட்டாப் போச்சு. முடிஞ்சதும் பக்குவமாச் சொல்லிக்கலாம்" என்றார். அது தீய ஆலோசனை இல்லை. பிள்ளைகள்மீது அன்புள்ள எவரும் அதையே சொல்லியிருப்பார்.

நான் சாலையோரத்தில் நின்று எண்ணிப் பார்த்தேன். பெயரை மாற்றினால் ஏன் என்று கேட்பார்கள். பொய் சொல்ல வேண்டும். மாற்றாவிட்டால் அந்தப் பெண் ஒன்றும் அறியாமல் கல்லின் மேல் ஏறி அந்தப் பெயரைக் கூப்பிடுவாள். நாடகம் என்று நினைத்துக்கொண்டு, உண்மையைத் தன் வாயால் அறிவிப்பாள். பிறகு நாங்கள் பக்குவமாகச் சொல்லும்போது, தான் கூப்பிட்டது எதை என்பது அவளுக்கு விளங்கும். அறியாமல் சொன்ன அந்தச் சொல்லை அவள் யாரிடம் திருப்பிக் கொடுப்பாள்? தெரிந்தவன் நான் மறைத்து நிற்க, தெரியாத பிள்ளையைப் பேசவைப்பது ஆகாது என்று பட்டது. முதலில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். "அப்ப பொறுப்பு உங்களுதுங்க ஐயா" என்று தலைமையாசிரியர் ஒதுங்கிக்கொண்டார்.

பிள்ளைகளைக் கிடங்குக்குள் அழைத்துச்சென்றேன். சாவைச் சொல்லத் தமிழில் எத்தனை சொற்கள் உண்டு என்பதை வகுப்பில் அடுக்கிக் காட்டியவன் நான். மறைந்தார், காலமானார், இயற்கை எய்தினார். அவற்றுள் ஒன்றுகூட அப்போது வாயில் வரவில்லை. வந்திருந்தாலும் அந்த முகங்களுக்கு முன் நின்றிருக்காது. "டீச்சர் இன்னிக்குக் காலைல செத்துப்போயிட்டாங்க" என்றேன்.

பிள்ளைகள் அழுதார்கள். நான் அழாதீர்கள் என்று சொல்லவில்லை. தர்ஷினி அழவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள்.

"நாங் கூப்புட மாட்டனுங்க ஐயா" என்றாள். "நாங் கூப்புட்டா நெசமாயிரும்."

கட்டாயம் இல்லை என்றேன். நாடகமே வேண்டாம், எல்லாரும் வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவள் நகரவில்லை. போகவும் மனமில்லை, கூப்பிடவும் மனமில்லை. செய்தி களத்தில் பரவியிருக்க வேண்டும்; சின்னப்பொண்ணு அம்மாள் உள்ளே வந்து அவள் அருகே தரையில் உட்கார்ந்தார்.

"ஏங் கண்ணு மாட்டேங்கற?"

"டீச்சருக்கு இந்தக் களத்துல வேல இல்ல, பேரு ஒட்டாதுன்னு நீங்கதான சொன்னீங்க? அக்காங்க எல்லாஞ் சொல்லிருக்கறாங்க. அப்பறம் எதுக்குக் கூப்புடோணும்?"

"அது அவங்க புதுசா வந்தப்பச் சொன்னது. அதுக்கப்பறம் இந்தக் களத்த அவங்களாட்டம் ஆரு கூட்டுனா? நாங்கூடக் கூட்டல." அம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "இங்க வேல செஞ்சவங்கதான் கண்ணு. நீ கூப்புடலீன்னா அவங்க வேல முடியாது. நாளைக்கும் வரோணும், நாளான்னைக்கும் வரோணும். ஒடம்பு முடியாதவங்க, பாவம்ல? வேண்ணா நாங் கூப்புடறேன். எந் தொண்ட கிணத்துத் தவளையாட்டம் இருக்குது, பரவால்லியா?"

தர்ஷினி அப்போதுதான் அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நானே கூப்புடறனுங்க" என்றாள்.

நாடகம் நடக்கவில்லை. வேடம் எவரும் போடவில்லை. களத்தில் கூடியிருந்தவர்களிடம் நடந்ததைச் சொன்னேன். அவர்களுள் பழம் பறித்த பெண்கள் சிலர் யாரும் சொல்லாமலே எழுந்து, முன்பு தாங்கள் நின்றிருந்த இடங்களில் வரிசையாக நின்றார்கள். பிள்ளைகள் அவர்களுக்கு முன் நின்றார்கள். தர்ஷினி கல்லின் மேல் ஏறினாள். அவர் பெயரை, அதன் முன்னெழுத்தோடு, ஆடு திருப்பும் அந்தக் குரலில் ஒரு முறை கூப்பிட்டாள்.

பிள்ளைகள் சொல்ல வேண்டிய விடையைப் பின்வரிசைப் பெண்கள்தான் சொன்னார்கள்: "வேல முடிஞ்சுதுங்க."

அவர்கள் சொல்லி முடித்ததும் பிள்ளைகள் எல்லாரும் கிடங்குச் சுவரின் மூலையைத் திரும்பிப் பார்த்தார்கள். பழக்கம். நானும் பார்த்தேன். விளக்குமாறு அங்கே சாய்த்து வைத்தபடி இருந்தது.

ஒரு சிறுமி போய் அதை எடுத்துவந்து கூட்டத் தொடங்கினாள். மற்றவர்கள் இலைக்கொத்துகளை ஒடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டார்கள். கிழக்கு ஓரத்தில் சுண்ணாம்பு போட்டிருந்தோம். ஒருவரும் வழுக்கி விழவில்லை. கூட்டி முடித்ததும் தர்ஷினி மறுபடி கல்லின் மேல் ஏறி ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். 'இருக்கேன்', 'இருக்கேன்' என்று சொல்லிவிட்டு அவர்கள் பெற்றோரிடம் போனார்கள். கடைசியில் அவள் மட்டும் நின்றாள். அவளைக் கூப்பிட வேண்டியவர் இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அவள் கீழே இறங்காமல் என்னையே பார்த்தாள். நான் கூப்பிட்டேன். "தர்ஷினி" என்றேன். "இருக்கேன்" என்றாள். பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தோம்.

நான் செய்தது சரி என்று இதை எழுதவில்லை. அன்று ஒரு தகப்பனார் என் எதிரே வந்து நின்று, "படிக்க அனுப்புனா எழவூடு ஆக்கிப்போட்டீங்களே வாத்தியாரே, நல்லாருக்குதுங்களா?" என்று கேட்டார். மறு ஆண்டு அவர் தம் மகனை அனுப்பவில்லை. தர்ஷினியும் அதன்பின் நாடகத்தில் சேரவில்லை. "வேண்டாங்க ஐயா" என்றாள்; நான் வற்புறுத்தவில்லை. அந்தக் குரலை நாங்கள் இழந்தோம். மறைத்திருந்தால் இழந்திருக்க மாட்டோமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

உங்களிடம் இரண்டை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை ஒன்றைச் சொல்லப்போகிறது என்றால், அது என்ன என்பதைச் சொல்லுமுன் அதற்குத் தெரிவியுங்கள். கூப்பிடும் பிள்ளையைக் கூப்பிடாமல் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். பஸ் போனால் போகட்டும்.

அவர் பெயர் ஏன் எங்கும் இல்லை என்பது இப்போது விளங்கியிருக்கும். சுவரிலோ அழைப்பிதழிலோ இருந்தால் களத்தில் யாரேனும் அதை வாய்விட்டுப் படித்துவிடுவார்கள். இந்த எழுத்தும் பயிலரங்கின் முதல் நாளில் களத்தில் வைத்துப் படிக்கப்படும் என்று அறிகிறேன். ஆகவே இதிலும் இல்லை. அவர் இல்லாமற்போன மறு ஆண்டு முதல் அந்தக் காட்சியில் பிள்ளைகள் கூப்பிடுவது என் பெயரை. சுவர் மறைவில் நான் நிற்கிறேன், விளக்குமாற்றோடு வருகிறேன். அவரைப் போல் சிரிக்க வைக்க எனக்கு வரவில்லை. எனினும் பிள்ளைகள் பெருந்தன்மையோடு சிரிக்கிறார்கள். ஓராண்டு நான் வராமற்போகலாம். அன்று என்ன செய்வது என்று சாலை வளைவில் நின்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை.

நினைவிலிருந்தே எழுதியதால் பிழைகள் இருக்கும். பெரட்டு முறையைச் சின்னப்பொண்ணு அம்மாள் சொன்னபடி எழுதியிருக்கிறேன். வேறு தோட்டங்களில் வேறு விதமாக இருந்திருக்கலாம். அன்று முன்வரிசையில் யார் யார் நின்றார்கள் என்பதிலும் எனக்கு ஐயம் உண்டு. அறிந்தவர்கள் திருத்திக் கொடுத்தால் நன்றியோடு ஏற்பேன். ஒரு பெயர் விடுபட்டிருப்பதை மட்டும் பிழையென்று எண்ணி நிரப்பிவிட வேண்டாம். என் பெயரை, இப்போதைக்கு, எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம்.